அமாவாசை செட்டு

இளங்கோ,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய அந்த ஒற்றைப் பக்கத்தை நேற்று மதியம் கடையில் உட்கார்ந்து படித்தேன். உன் ஆராய்ச்சிப் புத்தகத்தின் முதல் பக்கம். "மருந்துகளின் பெயர்களை எனக்கு முதலில் படிக்கக் கற்றுக்கொடுத்த என் நைனாவுக்கு" என்று தமிழிலேயே போட்டிருக்கிறாய். கீழே, "புடிச்சிருக்குதா நைனா? வர்ற வாரம் பிரின்ட்டுக்குப் போவுது" என்று கேட்டிருந்தாய். நான் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு, போனை மேசை இழுப்பறையில் கவிழ்த்து வைத்தேன். அதற்கப்புறம் வந்தவர்களுக்கு எல்லாம் என்ன கொடுத்தேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. அந்தப் பக்கம் அச்சாகக் கூடாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் எழுதி கூரியரில் போடுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் அம்மா எலிக்காய்ச்சலில் சாகவில்லை. நான் என் கையால் கொடுத்த மாத்திரைகளால் செத்துப்போனாள். கொடுத்ததை எல்லாரிடமும் மறைத்தேன். எட்டு வருஷம் ஆகிறது. இவ்வளவை எழுதவே நான்கு தாளைக் கிழித்துப் போட்டேன்.

நம் கடையில் 'செட்டு' கொடுப்பது உனக்குத் தெரியும். தலைவலி, உடம்புவலி என்று வருகிறவர்களுக்கு டாக்டர் சீட்டு எதுவும் கேட்காமல், அட்டையை வெட்டி, வலிக்கு ஒன்று, வயிறு எரியாமல் இருக்க ஒன்று, சத்துக்கு ஒன்று என்று சின்னக் காகிதக் கவரில் போட்டுக் கொடுப்போம். வெட்டின துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. கவர் மேல் 'காலை' 'இரவு' என்று எழுதுவதோடு சரி. அமாவாசை வந்தால் கேட்கவே வேண்டாம். மேல்மலையனூர் கோயிலில் ராத்திரி பூராவும் கண் விழித்துவிட்டு, ஸ்பெஷல் பஸ்ஸில் செஞ்சிக்கு வந்து இறங்குகிற கூட்டம் நேராக நம் கடைக்குத்தான் வரும். அதற்காக முதல் நாளே ஒரு பிஸ்கட் டப்பா நிறைய செட்டு கட்டி வைப்பேன். ஆளைப் பார்ப்பதில்லை, வயதைக் கேட்பதில்லை, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்பதில்லை. டப்பாவில் கை விட்டு எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். "டாக்டர்கிட்ட போனா ஊசி, டெஸ்ட்டுன்னு ஒக்கார வெச்சிடுவாங்க. நீங்க குடுக்கறதுதான் எனக்குக் கேக்குது" என்று நாலு பேர் சொல்லச் சொல்ல, நானும் பாதி டாக்டர் ஆகிவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் நீ சென்னையில் பார்மசி இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். உன் அம்மா வசந்தாவுக்குக் கொலஸ்ட்ரால் மாத்திரை ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்ததுதான், அதில் தப்பில்லை. அந்த மாசம் அவளுக்கு நெஞ்சுச் சளி பிடித்து இருமல் நிற்கவில்லை. டாக்டரிடம் போகலாம் என்றாள். "வீட்டுலயே மெடிக்கல் வச்சுக்கினு டாக்டர் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, அலமாரியிலிருந்து கிளாரித்ரோமைசின் என்கிற ஆன்டிபயாடிக்கை எடுத்து ஏழு நாளைக்குக் கொடுத்தேன். இருமல் நின்றது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஐந்தாம் நாள் அவள் அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாங்க, தொடை ரெண்டும் அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்குது. ஒக்காந்தா எழுந்திருக்க முடியல."

"சளி வுட்டுச்சு இல்ல, அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

மறுநாள் அமாவாசை. டப்பா தயாராக இருந்தது. கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் அதிலிருந்து நான்கு கவரை எடுத்து, மேலே அவள் பெயரை எழுதி, டிவி பக்கத்தில் வைத்துவிட்டுப் போனேன். ஊர் பேர் தெரியாத கூட்டத்துக்குக் கட்டினதைக் கட்டிய பெண்டாட்டிக்குக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து, "மூத்திரம் டிக்காஷன் நெறத்துல போவுதுங்க" என்றாள். தண்ணீர் குடிக்கச் சொன்னேன். அந்த வலி மாத்திரை அவளுடைய கிட்னியை இன்னொரு பக்கத்திலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. வியாபாரம் செய்கிற மருந்தைப் பற்றி இவ்வளவுகூடத் தெரியாமல் இருபத்தைந்து வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

திண்டிவனத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அங்கே ஒரு சின்ன வயது டாக்டரம்மா. இப்போது உனக்கு இருக்கிற வயதுதான் இருக்கும். பொறுமையாகக் கேட்டாள். "வேற எதுனா மாத்திரை குடுத்தீங்களா? கடையில வாங்கினது, நாட்டு மருந்து, எதுவா இருந்தாலும் பரவால்ல, சொல்லுங்க." பக்கத்தில் இரண்டு நர்ஸ், அடுத்த கட்டில்காரர்கள், வசந்தாவின் தங்கச்சி எல்லாரும் நின்றார்கள். சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கொடுத்தேன், பெயரில்லாத கவரில் வலி மாத்திரை கொடுத்தேன் என்று அந்தச் சின்னப் பெண்ணிடம் அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இல்ல மேடம். கொலஸ்ட்ரால் மாத்திரை மட்டும்தான். நானே மெடிக்கல் வச்சிருக்கறேன்" என்றேன். "அப்ப சரி, உங்களுக்கே தெரியும்" என்று அவள் எழுதிக்கொண்டு போய்விட்டாள். மெடிக்கல் வைத்திருப்பதை நான் சொல்லாமல் இருந்திருந்தால் இன்னொரு தரம் கேட்டிருப்பாளோ என்னவோ.

உன் அம்மா கட்டிலில் படுத்தபடி என்னையே பார்த்தாள். அவளுக்குத் தெரியும். அந்த மாத்திரைகளை விழுங்கியவள் அவள்தானே. வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் போன பிறகு நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றபோது, "வுடுங்க. சொன்னா கடைக்குக் கெட்ட பேரு" என்றாள். இளங்கோ, அப்போதாவது நான் அந்த வராந்தாவில் ஓடிப்போய் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டிருக்க வேண்டும். பத்து எட்டு வைத்தால் அவளுடைய அறை. நான் போகவில்லை. வசந்தா சொன்னதைச் சாக்காகப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

பத்து நாளைக்கு முன்னால் அவள் பனமலையில் தங்கச்சி வீட்டு நடவுக்குப் போய்ச் சேற்றில் இறங்கியிருந்தாள். உடம்புவலி, நிறம் மாறின மூத்திரம், கிட்னி கெடுவது, சேறு. எல்லாவற்றையும் வைத்து எலிக்காய்ச்சலாக இருக்கும் என்று சந்தேகப்பட்டார்கள். கிடைத்த விவரத்தை வைத்து அவர்கள் அப்படி நினைத்ததில் குற்றமில்லை. விவரம் என்னிடம் இருந்தது. அதுமட்டுமில்லை. அங்கே இருந்த மூன்று நாளும், சாயந்திரம் கஞ்சி குடித்ததும், சட்டைப் பையிலிருந்து அந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரையை எடுத்து நானே அவள் நாக்கில் வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்று. மருந்துக்கடைக்காரன் இல்லையா, பொறுப்பு!

நான்காம் நாள் பாண்டிச்சேரிக்கு மாற்றினார்கள். தசை கரைந்து போய்க் கிட்னியை அடைத்திருக்கிறது என்று அங்கே சொன்னார்கள். டயாலிசிஸ் போட்டார்கள். வேறு மருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. திண்டிவனத்துத் தாளிலேயே 'வேறு மருந்து இல்லை' என்று எழுதியிருந்ததே, எதற்குக் கேட்பார்கள்? நான் சொன்ன பொய் ஆம்புலன்ஸில் எங்களோடு கூடவே வந்துவிட்டது. ஆறாம் நாள் நீ வந்தாய். அவளால் சரியாகப் பேச முடியவில்லை. உன்னிடம் "சாப்டியா?" என்று மட்டும் கேட்டாள். ஒன்பதாம் நாள் போய்விட்டாள். "இன்னா நைனா ஆச்சு?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாய். "எலிக்காய்ச்சல்டா" என்றேன். நீ சேற்றின் மேல் கோபப்பட்டாய். அம்மாவை நடவுக்குக் கூப்பிட்ட சித்தியிடம் ஒரு வருஷம் பேசாமல் இருந்தாய். அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த மனுஷி என்ன பாவம் செய்தாள்?

அதுவரைக்கும்கூட எனக்கு முழுசாகத் தெரியாது, சந்தேகம்தான் இருந்தது. வலி மாத்திரை கொஞ்சம் கெடுத்திருக்கும், மற்றபடி எலிக்காய்ச்சலாகவே இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். போன தீபாவளிக்கு நீ வந்தபோதுதான் அதுவும் போயிற்று. மதியம் கரண்ட் இல்லை, கடையில் ஆள் இல்லை. ஹைதராபாத்தில் அப்படி என்னதான்டா ஆராய்ச்சி பண்ணுகிறாய் என்று நான்தான் கேட்டேன். நீ கண்ணாடி மேசை மேல் மாத்திரை அட்டைகளை வரிசையாக வைத்து விளக்க ஆரம்பித்தாய்.

"லிவர் செல்லு ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பக்கம் நைனா. ஒரு பக்கம் ரத்தம், இன்னொரு பக்கம் பித்தம். செல்லோட தோலுக்குள்ளயே புரதம் ஒக்காந்துகினு இருக்குது. ரத்தத்துப் பக்கம் இருக்கறது மருந்தை உள்ள இழுக்கும். பித்தத்துப் பக்கம் இருக்கறது வெளிய தள்ளும்."

"மருந்து தானா உள்ள போவாதா?"

"சிலது போவும். சிலதை ஆளு கைய புடிச்சு இழுத்தாத்தான் போவும். மேல்மலையனூர் கோயில் கேட்டு மாதிரி வச்சுக்கயேன். ஒரு கேட்டுல உள்ள வுட்டு இன்னொரு கேட்டுல வெளிய அனுப்பறாங்க. கூட்டம் எவ்வளவு வந்தாலும் ஓடிக்கினே இருக்கும். உள்ள வுடற கேட்டுல எவனாவது குறுக்க ஒக்காந்துட்டான்னா? கூட்டம் இன்னா ஆவும்? ரோட்டுல நிக்கும், அப்பறம் பக்கத்துக் கொல்லையில எறங்கி மல்லாட்டைப் பயிரை மிதிக்கும்."

நான் சிரித்தேன். என் மகன் எப்படி விளங்கச் சொல்கிறான் என்று பூரித்துப்போய்த்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். "கேட்டுல யாருடா ஒக்காருவான்?" என்றேன்.

"வேற மருந்துதான். தோ, நம்ம அலமாரியிலயே இருக்குது பாரு, கிளாரித்ரோமைசின்" என்று என் தலைக்கு மேலே கை காட்டினாய். "கொலஸ்ட்ரால் மாத்திரைக்கு வேலையே லிவருக்குள்ளதான். இது கேட்டுல ஒக்காந்துகினா அதால சரியா உள்ள போவ முடியாது. உள்ள போனதை ஒடைச்சுக் கழிக்கற என்சைமும் கைய கட்டிக்கும். அப்ப அது ரத்தத்துலயே சேர்ந்து சேர்ந்து தசைக்குப் போவும். மொதல்ல தொடை வலிக்கும். அப்பறம் மூத்திரம் டிக்காஷன் மாதிரி போவும். எல்லாருக்கும் வராது. சில பேருக்குப் பொறப்புலயே அந்தக் கேட்டு குறுகலா இருக்கும். அவங்களுக்குத்தான் டேஞ்சர் அதிகம்."

உனக்குத் தெரியாமலே உன் அம்மா சொன்ன வார்த்தையையே சொன்னாய். நான் தண்ணீர் குடிக்கிற மாதிரி உள்ளே எழுந்து போனது ஞாபகம் இருக்கிறதா? மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு படித்த பிள்ளைக்கு அம்மா விஷயத்தில் சந்தேகமே வரவில்லையே என்று முதலில் ஆச்சரியப்பட்டேன். அப்புறம் புரிந்தது. நைனா பொய் சொல்ல மாட்டார் என்று நீ நம்பியிருக்கிறாய். எனக்கு அதுதான் தாங்கவில்லை. திரும்பி வந்தபோது நீ ஒரு குழாயை நீட்டினாய். உனக்கு அந்தக் கேட்டு குறுகல் என்று உன் லேபில் உன் எச்சிலையே சோதித்துப் பார்த்தபோது தெரிந்ததாம். அது யாரிடமிருந்து வந்தது என்று பார்க்கலாம், இதில் எச்சில் துப்பு நைனா என்றாய். துப்பினேன்.

போன வாரம் போன் செய்தாய். "ஒன்னோடது சுத்தமா சரியா இருக்குது நைனா. அப்ப எனக்கு அம்மாகிட்டருந்துதான் வந்திருக்குது. ஏன் நைனா, அம்மா கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்புட்டுச்சே, அதுல எதுனா தொந்தரவு இருந்துச்சா?"

அதே கேள்வி. எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த டாக்டரம்மா கேட்டது. இந்தத் தடவை பக்கத்தில் நர்ஸ் இல்லை, சொந்தக்காரர் இல்லை, கடையில் ஒரு ஈ காக்கை இல்லை. சொல்லியிருக்கலாம். "ஒண்ணும் இல்லடா. நல்லாத்தான் ஒத்துக்கிச்சு" என்றேன். நீ "சரி நைனா, சும்மா கேட்டேன்" என்று வைத்துவிட்டாய். அறிவில்லாமல் செய்ததற்குக்கூட ஏதோ ஒரு மன்னிப்பு இருக்கலாம். அவ்வளவும் தெரிந்த பிறகு, நீயே வாய் விட்டுக் கேட்ட பிறகு சொன்னதற்கு எனக்கே சமாதானம் கிடைக்கவில்லை. மூன்று நாள் முன்னதாகவே அந்த மாத்திரையை நிறுத்தியிருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்று உனக்குச் சொல்லத் தெரியும். அதை மட்டும் எனக்குச் சொல்லாதே. கேட்க என்னிடம் தெம்பில்லை.

தீபாவளியிலிருந்து நான் செட்டு கட்டுவதில்லை. அதனால் உலகம் திருந்திவிட்டது என்று நினைக்காதே. போன அமாவாசைக்கு வந்த ஒரு அம்மா, "செட்டு இல்லியா? இன்னா மெடிக்கல் வச்சுக்கினு இருக்கற நீ?" என்று என்னைத் திட்டிவிட்டு நாலு கடை தள்ளிப் போய் வாங்கிக்கொண்டாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கவருக்குள் என்ன இருக்கிறது, அவள் வேறு என்ன சாப்பிடுகிறாள், அவளுடைய கேட்டு எப்படிப்பட்டது, யாருக்கும் தெரியாது. பின்னாலேயே ஓடிப் போய்ச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? எதிரே மலையும் கோட்டையும் அப்படியே இருக்கின்றன, பஸ் வருகிறது, போகிறது. எனக்குத்தான் எதிலும் மனசு ஒட்டவில்லை. கடையைத் திறப்பதுகூடப் பழக்கத்தில்தான்.

உனக்கு ஏதாவது புத்தி சொல்லிக் கடிதத்தை முடிப்பதுதான் அப்பன்மார்கள் வழக்கம். எனக்குச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. யாராவது உன்னைப் பார்த்து, "வேறு எதாவது உண்டா?" என்று கேட்டால், இருப்பதைச் சொல்லிவிடு. கேட்கிறவர் உன்னைவிடச் சின்னவராக இருந்தாலும், சுற்றி ஊரே நின்றாலும் சொல்லிவிடு. நாளைக்கு உனக்கு ஒரு டாக்டர் அந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரையை எழுதினால், "என் அம்மாவுக்கு இதில் இப்படி ஆயிற்று" என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு. அதை நான் எட்டு வருஷம் உன்னிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தேன். இப்போது எடுத்துக்கொள். சித்தியையும் ஒரு தரம் கூப்பிட்டுப் பேசு.

இத்துடன் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரித் தாள்கள் இருக்கின்றன. நீ கேட்டபோதெல்லாம் தொலைந்துவிட்டது என்று சொன்னேனே, அவைதான். கூடவே நான்கு காலிக் கவர்கள் இருக்கும். வசந்தாவின் துணிப்பையை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்தபோது மடித்த புடவைக்குள் இருந்தன. வீட்டில் கிடந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கையோடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். மேலே அவள் பெயர் இருக்கிறது, என் கையெழுத்துதான். உன் முதல் பக்கத்திலிருந்து என்னை எடுத்துவிடு. அவள் பெயரைப் போடு. எப்படிச் செத்தாள் என்பதையும் உள்ளே எங்காவது எழுது.

பிளஸ் டூ லீவில் நீ கடையில் நின்றாயே, ஞாபகம் இருக்கிறதா? வல்லத்துக்காரர் ஒருவருக்கு அட்டை மாற்றிக் கொடுத்துவிட்டு, தெரிந்த பிறகும் பயந்துகொண்டு சொல்லாமல் இருந்தாய். மறுநாள் விடியற்காலையில் அட்டை கணக்குப் பார்த்துக் கண்டுபிடித்து உன்னை அறைந்தேன். "தப்பு பண்ணா பரவால்லடா. மறைக்கறவன் மருந்துக்கடையில நிக்கக் கூடாது" என்று கத்தி, முதல் பஸ்ஸில் வல்லத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். நீ அவர் வீட்டு வாசலில் நின்று அழுதுகொண்டே சொன்னாய். அந்த வீட்டு அம்மா, "சொல்ல வந்தியே கண்ணு, உள்ள வா" என்று கூப்பிட்டு மோர் கொடுத்தாள். இன்றைக்கு நான் உன் வாசலில் நிற்கிறேன். எனக்கு மோர் வேண்டாம் இளங்கோ, நீ உள்ளே கூப்பிட வேண்டும் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை. அன்றைக்கு நாம் போனபோது வல்லத்துக்காரர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். நீ மாற்றிக் கொடுத்த மாத்திரையை இன்னும் போட்டிருக்கவில்லை.